கீழ் டிராயர் பேட்டரி

என் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், சதக்கத்துல்லாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். வளைகுடாவில், அஜ்மான் நயீமியாவில் எங்கள் மொபைல் கடை இருக்கிறது. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அதற்குள் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் இருக்கிற கம்பெனிக்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்வார். வியாழக்கிழமை சாயங்காலம் லேபர் கேம்ப் பஸ்ஸில் வந்து இறங்கும் நம் ஊர்ப் பையன்கள் ரீசார்ஜ் கார்டு வாங்குகிற சாக்கில் கூடிவிடுவார்கள். "சதக் பாய், இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று எவனாவது ஒரு செய்தியை எடுத்துப் போட்டால் போதும், மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்த 2007 ஆகஸ்டில் அவருக்குச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் பொத்தானே இல்லாத ஒரு போன் வந்திருந்தது. "ஐபோனாம்! கண்ணாடியைத் தேய்க்கணுமாம். சிமெண்டு கையோட நிக்கிறவன் எதைத் தேய்ப்பான்? ஒரு வருசம் தாங்காது, எழுதி வெச்சுக்குங்க" என்றார். ஸ்கைப் அன்றைக்குத்தான் ஊர் உலகமெல்லாம் படுத்துக் கிடந்தது. "ஓசிப் பேச்சுன்னா அப்படித்தான்" என்றார். கூகுளைப் பற்றிக் கேட்டதற்கு, "ஒருத்தன் ஓசியில தேடித் தர்றான்னா, எங்கயோ நம்மளத்தான் வித்துக்கிட்டிருக்கான்னு அர்த்தம்" என்றார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக் கூடாது. மேல் வீட்டிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நானும் கல்லாப் பக்கம் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பன்னீர்செல்வம் வாயைத் திறந்தான். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், ஜுர்ஃப் சனையா என்கிற தொழிற்பேட்டையில் ஒரு கட்டிட சைட்டில் நைட் டூட்டி வாட்ச்மேன். அதிர்ந்து பேச மாட்டான்.

"பாய், போன் பேட்டரி வெடிக்குதுன்னு டிவியில சொல்றாங்களாமே. கம்பெனியே சொல்லிருக்காம், சார்ஜ் போடுறப்ப சூடாவுதுன்னு. எங்க வீட்ல பாத்துட்டு ஒரே பயம். போன வாரம் உங்ககிட்ட ஒண்ணு வாங்கினேன்ல, அது பரவால்லையா?"

அங்கே நின்ற அத்தனை பேர் சட்டைப் பையிலும் அதே கம்பெனிப் போன்தான். எல்லாரும் இவர் வாயைப் பார்த்தார்கள்.

"புரளிப்பா" என்றார் என் மாப்பிள்ளை. "எந்தக் கம்பெனிக்காரனாவது தன் சரக்கு சரியில்லன்னு தன் வாயால சொல்வானா? பயங்காட்டி, பழசைக் கழட்ட வெச்சு, புதுசைத் தலையில கட்டுற வேலை. நீ பாட்டுக்குப் போட்டுட்டுத் தூங்கு."

"தூங்கறதென்ன, தலகாணிக்கடியிலதான் பாய் வெச்சுக்கறது. ஆஃப் பண்ணி சார்ஜ்ல போட்டு அடியில வெச்சுட்டா யாரும் தூக்கிட்டுப் போக முடியாது. ஆஃப்ல இருந்தாலும் அலாரம் கரெக்டா அடிச்சிருது."

"அப்புறமென்ன? நிம்மதியா இரு" என்றார் இவர்.

பன்னீர்செல்வத்தின் முகம் தெளிந்துவிட்டது. வெளியே போய்ப் பக்கத்து கஃபட்டீரியா சுவரோரம் நின்று யாருக்கோ போன் போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் பஸ் வந்ததும் ஓடிவிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து இவர் வந்து ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு குனிந்து உள்ளே போனேன். கல்லா மேல் தனிச் சார்ஜரில் ஒரு பேட்டரி காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது, யாருக்கோ டெஸ்ட் பண்ணிக் கொடுக்க. நான் தூக்கைக் கீழே வைக்கவில்லை, 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பேட்டரி சப்பாத்தி மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. "மச்சான்!" என்று கத்துவதற்குள் பட்டென்று தெறித்து, வெள்ளைப் புகை, மூக்கைப் பிய்க்கிற நெடி, சார்ஜர் பிளாஸ்டிக் உருகிக் கல்லாக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தது நான்தான். இவர் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல். அதைப் பார்த்துக்கொண்டே, "சார்ஜர் கோளாறு" என்றார்.

எனக்கு அப்படியே வந்ததே கோபம்! "சார்ஜர் மூணு வருசமா நல்லாத்தானே இருந்துச்சு? இந்தப் பேட்டரி எந்த டிராயர்ல உள்ளது?"

நானே குனிந்து பார்த்தேன். கீழ் டிராயர் பாதி திறந்திருந்தது. உள்ளே சிவப்பு அட்டை டப்பா, பாதி காலி. போன வாரம் பன்னீர்செல்வத்துக்கு இவர் எடுத்துக் கொடுத்தது அந்த டப்பாவிலிருந்துதான். பக்கத்தில் நின்று பை போட்டுக் கொடுத்தவளே நான்தானே!

"பன்னீருக்குப் போன் போடுங்க."

போட்டார். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி போட்டார். அதே பெண் குரல், முதலில் அரபியில், பிறகு இங்கிலீஷில்.

"நைட் டூட்டி முடிஞ்சு தூங்குவான் புள்ள. சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார்.

"தூங்குவான்னுதானே சொல்றேன்! தலைக்கு அடியில வெச்சுட்டுத் தூங்குறேன்னு நேத்து இந்தக் கடையில நின்னு சொன்னானா இல்லையா? வண்டியை எடுங்க."

"நீ எதுக்கு வர்ற?"

"நான் வரலேன்னா நீங்க மூலையில போய் ஒரு டீயைக் குடிச்சுட்டுத் திரும்பி வந்து, போயிட்டு வந்தேன்னு சொல்வீங்க."

அவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும். தைக்கட்டும்.

வண்டிக்கு வந்தால், பின்னால் ஒரு லேண்ட் க்ரூசர் மறித்துக்கொண்டு நிற்கிறது. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றி இப்படித்தான், வண்டிக்குப் பின்னால் வண்டி, நடு ரோடு வரைக்கும் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். தொழுகை முடிந்தும் ஆளைக் காணோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவர் போய்ப் பள்ளி வாசலில் எட்டிப் பார்க்கிறார், வருகிறார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். நான் வண்டிக்குள் கையை விட்டு ஹாரனை அமுக்கினேன், எடுக்கவே இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. கடைசியில் தாடி வெளுத்த ஒரு அரபி கஃபட்டீரியாவிலிருந்து ஜூஸ் கிளாசோடு வந்து, "மாலேஷ், மாலேஷ்" என்று ஒப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாவகாசமாக வண்டியை நகர்த்தினார். நான் மனசுக்குள் ஓதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, யா அல்லாஹ், எங்கள் கையால் ஆகக் கூடாது.

வழியெல்லாம் நம்பரை அமுக்கிக்கொண்டே வந்தேன். ஆஃப். ஆஃப். ஆஃப்.

கேம்ப் வாசலில் வாட்ச்மேன், ஒரு பட்டாணியன், கையைக் குறுக்கே நீட்டினான். "மேடம் நஹி. லேடீஸ் அந்தர் நஹி."

"ஆக் பாய், ஆக்! தீ!" என்றேன். தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டான். இவர் முன்னே ஓட, நான் பின்னே ஓட, வராந்தாவில் பனியனோடு நின்றவர்களெல்லாம் அவசரமாகத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

அறைக்குள் இருட்டு. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ரெண்டு அடுக்குக் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் புடவைத் துணியில் திரை. கீழ்க் கட்டிலில் பன்னீர்செல்வம் ஒருக்களித்துத் தூங்குகிறான். சுவரிலிருந்து ஒரு கறுப்பு வயர் இறங்கி, நேராக அவன் தலையணைக்கு அடியில் போகிறது. நான் வயரைப் பிடுங்கினேன். இவர் தலையணையை உருவி எறிந்தார். பன்னீர் அலறிக்கொண்டு எழுந்தான்.

எங்களைப் பார்த்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "பாய்… ஊர்ல யாருக்கு என்னாச்சு?"

இங்கே தூக்கத்தில் எழுப்பினால் எல்லாரும் கேட்பது அதைத்தான். "ஊர்ல ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்று நான் அவன் தோளைத் தட்டினேன். இவர் போனின் பின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே இருந்தது பழைய பேட்டரி. ஓரம் தேய்ந்து, ஆடாமல் இருக்க சிகரெட் பெட்டி அட்டையை மடித்துச் செருகியிருந்தது.

"புதுசு எங்கடா?"

"ஊருக்குக் குடுத்து விட்டுட்டேன் பாய்" என்றான் பன்னீர், இன்னும் தூக்கம் தெளியாமல். "நம்ம ஜெயசீலன் லீவுல போனான்ல, அவன்கிட்ட. எங்க வீட்டுப் போன்ல பேட்டரி நிக்கவே இல்ல. நல்ல சாமான இங்க வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நான் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருசம் இந்த நாட்டில் கடை வைத்திருக்கிறோம். நல்ல சோப்பு, நல்ல பிஸ்கட், நல்ல போர்வை, எதை வாங்கினாலும் இந்தப் பையன்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டதை நான் பார்த்ததுண்டா? இது எனக்குத் தோன்றவே இல்லையே! நேற்றுச் சாயங்காலம் சுவரோரம் நின்று இவன் சிரித்துப் பேசியது பெண்டாட்டியிடம்தான். டிவியைப் பார்த்துவிட்டு அவள் பயந்ததும் அவள் வீட்டுப் பேட்டரியை நினைத்துத்தான்.

"உடனே வீட்டுக்குப் போடு" என்றார் இவர்.

பன்னீர் போட்டான். அவன் முகம் மாறியது. "ஆஃப்ல இருக்கு பாய். சார்ஜ் போட்டிருப்பா. ஆஃப் பண்ணித்தான் போடணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஏன் பாய், என்னா விசயம்?"

"அது வெடிக்கும் தம்பி" என்று நான் சொன்னேன். சுற்றி வளைக்க நேரம் இல்லை. "இப்ப கடையில ஒண்ணு வெடிச்சிருச்சு. அதே டப்பாவுல உள்ளது."

ஊரில் எதிர்வீட்டு நாகவள்ளி வீட்டில் தரைவழிப் போன் இருக்கிறது என்றான். அவசரத்தில் அவனுக்கு நம்பர் தப்பியது. இவர் நம்பரைக் கேட்டுத் தன் போனில் அவரே போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து கட்டில் மேல் வைத்தார். நாகவள்ளி எடுத்தாள், பன்னீரின் பெண்டாட்டி மாரியம்மாளைக் கூட்டி வரப் போனாள். அதற்குள் மற்றக் கட்டில்களிலிருந்து ஆட்கள் திரையை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

செருப்புச் சத்தம். மூச்சு வாங்குகிற ஒரு பெண் குரல். "அல்லோ? என்னாங்க இந்நேரத்துல?"

"மாரியம்மா, போன் எங்க இருக்கு?" என்று கத்தினான் பன்னீர்.

"வீட்ல சார்ஜ் ஏறுது. பாப்பா தூளியில தூங்குது, அதுக்குக் கீழதான் பிளக்கு. துணி மேல வெச்சுட்டு ஓடியாந்தேன். ஏன்?"

அறையில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். குழந்தை அங்கே, போன் அதற்கு அடியில், இவள் எதிர்வீட்டில் நிற்கிறாள்.

"ஓடிப்போய்க் கழட்டுடி! அது வெடிக்குமாம்!"

"ஆமா, போங்க" என்றாள் அவள். "புதன்கெழம நான்தான் சொன்னேன், டிவியில போட்டாங்க, பயமா இருக்கு, கழட்டி வெச்சுட்டேன்னு. நேத்து நீங்கதான், கடைக்காரப் பாய் புரளின்னு சொல்லிட்டாரு, போடுன்னீங்க. இன்னைக்குக் கழட்டுங்கறீங்க. தூக்கத்துல எதாச்சும் கனவு கண்டீங்களா?"

"நான்தாம்மா கடைக்காரன் பேசுறேன்" என்று இவர் குனிந்தார். "சதக்கத்துல்லா. நான்தான் சொல்றேன். போய்க் கழட்டும்மா."

"நீங்களா அண்ணே?" குரலில் கொஞ்சம் சிரிப்பு. "பயங்காட்டி, பழசைக் கழட்ட வெச்சு, புதுசைத் தலையில கட்டுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்களாம். இப்ப உங்க கடைக்குப் புதுசு எதாச்சும் வந்திருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது வார்த்தை மாறாமல் ஊருக்குப் போயிருக்கிறது, திரும்பியும் வந்திருக்கிறது.

"இல்லம்மா… அது வந்து… ஒரிஜினல் மாதிரியேதான் இருக்கும்… இப்ப ஒரு ஏஜென்ட்டு…"

"பேசுங்க மச்சான்!" என்று அதட்டினேன். "பேச்ச வளக்காதீங்க!"

மாரியம்மாளின் குரலில் சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணே, எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. உங்க வீட்டம்மா போன்லயும் இந்தப் பேட்டரிதான் போட்டிருக்கீங்களா?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன நோன்புக்கு முன்னால் என் போன் பேட்டரி போய்விட்டது என்று நானே கீழ் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்தேன். வெடுக்கென்று கையிலிருந்து பிடுங்கி உள்ளே போட்டுவிட்டு, மேல் டிராயரைத் திறந்து வேறொன்றை எடுத்துத் தந்தார். "உனக்கு இது எதுக்கு, நல்லதாப் போட்டுக்க" என்றார். எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு! உம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியமாம்.

"இல்லம்மா" என்றார். "அவளுக்கு இதை நான் போட விடல. இது டூப்ளிகேட்டு. தெரிஞ்சுதான் வித்தேன்."

ரிசீவர் எதிலோ மோதித் தொங்குகிற சத்தம். செருப்பில்லாத கால்கள் ஓடுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

நாங்கள் எல்லாரும் கட்டில் மேலிருந்த அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதிலிருந்து ஒரு டிவி சத்தமும் சேவல் கூவுகிற சத்தமும் வந்தன. பன்னீர்செல்வம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். ஊரில் எங்கோ ஒரு குழந்தை அழுதது, இவள் குழந்தையா வேறு குழந்தையா தெரியவில்லை. அழுகை நின்றது. நின்றதும் நான் குனிந்து போனில் காதை வைத்தேன்.

"அல்லோ…" மாரியம்மாளின் குரல், அழுகையோடு. "இங்கதான் இருக்கா. இடுப்புல வெச்சிருக்கேன். தூக்கினதும் முழிச்சு அழுதா, வேற ஒண்ணுமில்ல. போனு உப்பி மூடி தெறிச்சுக் கெடக்குங்க. அடியில இருந்த துணியெல்லாம் கருகிருச்சு. தூளி முனையில லேசாப் பொசுங்கிருக்கு."

பன்னீர்செல்வம் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அழுதுகொண்டே அவளிடம் என்னென்னவோ பேசினான், குழந்தையைப் பேசச் சொன்னான், அது பேசுகிற வயதில்லை. பேசி முடித்து, போனைத் துடைத்து, இவர் கையில் கொடுக்காமல் கட்டில் மேலேயே வைத்தான். எழுந்து போய் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தான்.

"பாயம்மா, குடிங்க" என்று என்னிடம் நீட்டினான். இவர் பக்கம் அவன் திரும்பவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அடித்திருந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

கட்டிலிலிருந்து போனை இவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், நாங்கள் வெளியே வராந்தாவுக்கு வந்தோம். இவர் படியைப் பார்த்து நடந்தார். நான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எங்க போறீங்க? அந்த டப்பா பாதி காலி. அதுல உள்ளது யார் யார்கிட்ட போச்சு?"

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் புள்ள? இந்தக் கேம்ப்ல பாதிப் பேரு நம்ம கடைக்குத்தான் வர்றாங்க."

"அப்ப கதவு கதவாத் தட்டுங்க. ஐபோனு, கூகுளுன்னு நாலு தெருவுக்குக் கேக்கிற மாதிரி பேசுவீங்கள்ல, அதே குரல்ல சொல்லுங்க."

நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஒரு குவியல் செருப்பு. அவர் முதல் கதவைத் தட்டினார். லுங்கியைக் கட்டிக்கொண்டே ஒருவன் திறந்தான். வியாழக்கிழமை கூட்டத்தில் நான் பார்த்த முகம்தான்.

"அட, சதக் பாய்! வாங்க வாங்க. நேத்து நீங்க சொன்னதத்தான் பேசிக்கிட்டிருந்தோம். பேட்டரி விசயம் புரளிதான பாய்?"

"நான் சொன்னது பொய்ப்பா" என்றார் என் மாப்பிள்ளை. "நான் வித்தது டூப்ளிகேட்டு. வெடிக்குது. எங்கிட்ட நீ ஒண்ணு வாங்கினியே, அதை எடு."

அவன் சிரித்தான். இவர் விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான்.

"அதுவா பாய்? அப்பவே ஊருக்குக் குடுத்து விட்டாச்சே."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். "நம்பரச் சொல்லு" என்றார்.